உயரத்தைப் பங்கு போட்ட கணக்கு: பி.ஏ.பி. பிறந்த கதை

ஆழியாறு அணை நிரம்பி நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1,050 அடி. திருமூர்த்தி அணை நிரம்பினால் 1,337 அடி. இரண்டும் ஆனைமலையின் அடிவாரத்தில், ஒரே மலைவரிசையின் காலடியில் இருக்கின்றன. இரண்டுக்கும் வரும் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே இடத்திலிருந்து, சர்க்கார்பதி மின்நிலையத்தின் வாயிலிலிருந்து பிரிந்து வருகிறது. நடுவில் இருப்பது 287 அடி வித்தியாசம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் (பி.ஏ.பி.) ஏன் இப்படிப் பிறந்தது, எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கிக்கொண்டது என்று கேட்கிறவர்கள் இந்த 287 அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அணைகளின் நீளத்தையும் கொள்ளளவையும் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். உயரத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் பொது. ஆனால் இரண்டும் தண்ணீரிடம் கேட்பது ஒன்றல்ல. மின்சாரத்துக்குத் தண்ணீர் விழ வேண்டும். விழுந்தபின் அதே தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் கீழே கிடக்கும். செலவானது உயரம் மட்டும். பாசனத்துக்கோ வயலை விட உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். அப்போதுதான் அது தானாக ஓடி மடையில் ஏறும். ஒன்று உயரத்தைத் தின்கிறது, மற்றொன்று உயரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. இரண்டையும் ஒரே ஆற்றிலிருந்து எடுக்கிறவர்கள், மழையை அளப்பதைப் போலவே அடியையும் அளந்து பங்கு போட வேண்டியிருக்கிறது. பி.ஏ.பி.யின் கதை அப்படிப் பங்கு போட்ட கதை.

இந்தத் திட்டத்துக்கு முந்தைய நிலத்தைப் பார்த்துவிடலாம். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. ஜூனில் தென்மேற்குப் பருவம் பிடித்தால் அங்கே வாரக்கணக்கில் வெயிலைக் காண முடியாது. அங்கிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் பல்லடமும் காங்கேயமும் இருக்கின்றன. அங்கே ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். மேற்கு மலை மேகத்தைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, கிழக்கே காற்றை மட்டும் அனுப்புகிறது. கொங்கு விவசாயி அதற்கு ஏற்றபடி வாழக் கற்றுக்கொண்டான். ஆழமாகக் கிணறு வெட்டினான், கவலை பூட்டி இறைத்தான், சோளமும் கம்பும் பருத்தியும் நிலக்கடலையும் போட்டான், வறட்சியைத் தாங்கும் மாட்டை வளர்த்தான். அந்த உழைப்பை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் பாறையில் எத்தனை அடி வெட்டினாலும், மேலே பெய்யாத மழை கீழே ஊறாது.

மலையில் பெய்த அவ்வளவு தண்ணீரும் எங்கே போனது? மேற்கே. நீராறு இடைமலையாற்றின் வழியே பெரியாற்றில் கலந்தது. சோலையாறும் பரம்பிக்குளம் ஆறும் சாலக்குடி ஆற்றில் சேர்ந்தன. ஆழியாறும், உடுமலைக்குத் தெற்கே இறங்கும் பாலாறும் சமவெளியைத் தொட்டுவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே பாரதப்புழைக்குத் திரும்பிவிட்டன. மலைக்குக் கிழக்கே இறங்கிய ஆறுகள்கூடக் கடைசியில் அரபிக்கடலுக்கே போயின. கிழக்கே கிடந்த வறண்ட நிலமோ நொய்யல், அமராவதி வடிநிலம். அதாவது காவிரியின் பிள்ளை. ஆக, ஒரு வடிநிலத்தின் மழையை இன்னொரு வடிநிலத்தின் வயலுக்குத் திருப்பினால்தான் காரியம் நடக்கும்.

இந்த யோசனையை முதலில் பேசியவராக அந்த வட்டாரம் இன்றும் சொல்லும் பெயர் வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமிக் கவுண்டர். மலைக்குள் ஏறி ஆறுகளின் போக்கைப் பார்த்துவிட்டு, இவற்றை ஒன்றோடு ஒன்று கோத்தால் கிழக்கே இறக்கலாம் என்று அரசின் காதில் விடாமல் போட்டவர் என்று அவரை நினைவுகூர்கிறார்கள். பொள்ளாச்சியின் சட்டமன்ற உறுப்பினராக 1952 முதல் 1967 வரை இருந்த நா. மகாலிங்கம் அந்தக் கோரிக்கையைச் சென்னைக்குச் சுமந்தார். பொள்ளாச்சி வட்டாரத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் காமராஜ் அமைச்சரவையில் நிதி அமைச்சராக இருந்தார். காமராஜ் முதலமைச்சர். ஊரின் தேவையை அறிந்தவர், அதைக் கேட்கிறவர், பணப்பெட்டியின் சாவி வைத்திருப்பவர், முடிவெடுப்பவர் என நான்கு பேர் ஒரே காலத்தில் ஒரே திசையில் இழுத்தார்கள். நம் நாட்டில் எத்தனையோ நல்ல திட்டங்கள் இந்த நால்வரில் ஒருவர் இல்லாமலே கோப்பில் மக்கிப் போயிருக்கின்றன.

ஆனால் தடை சென்னையில் இல்லை. 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது, பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தது. அது பழைய கொச்சி அரசின் காடு. தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காக 1907 முதல் அங்கே ஒரு டிராம் பாதையே ஓடியது. அந்தக் காட்டின் உறவும் வணிகமும் மேற்குப் பக்கமாகவே இருந்தன. அணை கட்ட வேண்டிய பள்ளத்தாக்கு ஒரு மாநிலத்தில், தண்ணீர் போக வேண்டிய நிலம் மற்றொரு மாநிலத்தில். ஆற்றின் கீழே கேரளம் ஏற்கெனவே தன் மின்சாரத்தை நம்பியிருந்தது. சாலக்குடி ஆற்றில் பெரிங்கல்குத்து நீர்மின் நிலையம் 1957-ல் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கு மேலே கேரள சோலையாறு மின்நிலையமும் திட்டத்தில் இருந்தது. அந்த ஆற்றின் தலையில் கை வைக்கிறேன் என்று பக்கத்து மாநிலம் வந்து நின்றால் எந்த அரசுக்கும் தயக்கம் வரும்.

முல்லைப் பெரியாற்றுக்கு 1886-ல் போட்ட ஒப்பந்தத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அது பிரிட்டிஷ் அதிகாரம் ஒரு சுதேச சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக்குப் போட்ட குத்தகை. ஒரு பக்கம் கை ஓங்கிய உடன்பாடு அது. அதன் கசப்பு இன்றும் தீரவில்லை. 1958-ல் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டு அரசுகள். ஒரு பக்கம் காங்கிரஸின் காமராஜ், மறுபக்கம் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. அரசியலில் ஒருவருக்கொருவர் எதிரிகள். அப்படியும் தண்ணீர் விஷயத்தில் கை கொடுத்துக்கொண்டார்கள். கேரளத்துக்குச் சேர வேண்டிய பாசனத் தண்ணீரும் மின்சாரத் தண்ணீரும் உறுதியாகக் கிடைக்கும். மிச்சத்தைச் சென்னை மாநிலம் கிழக்கே திருப்பிக்கொள்ளலாம். கேரள மண்ணில் நிற்கும் அணைகளையும் சென்னையே கட்டிப் பராமரிக்கும். இதுதான் சாரம். முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-ல்தான். அது 1958 நவம்பர் 9-லிருந்து முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்ததாக எழுதிக்கொண்டார்கள். அதாவது பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம், மலையைக் குடைந்ததும் ஆற்றை மறித்ததும் பெரும்பாலும் பரஸ்பர நம்பிக்கையின் பேரில் நடந்தன. 1961 அக்டோபர் 7-ல் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த நாளைத்தான் இன்று பி.ஏ.பி. நாளாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த நவம்பர் 9-ம் கொண்டாடத்தக்க நாள்.

இனி தண்ணீரின் வழியே இறங்கிப் பார்க்கலாம்.

மேலே மேல்நீராற்றில் ஒரு தடுப்பணை. அங்கே மறித்த தண்ணீர் சுரங்கப்பாதை வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. கீழ்நீராறு அணையும் அதே அணையில் சேர்க்கிறது. சோலையாறு நிரம்பினால் 3,290 அடி மட்டத்தில் 5.39 டி.எம்.சி. நிற்கும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. இங்கே தண்ணீருக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் வழியே இறங்கி மானாம்பள்ளியில் 70 மெகாவாட் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் பரம்பிக்குளத்தில் விழுகிறது. மற்றொரு வாசல் வழியே 25 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் கேரளத்தின் சோலையாறு அணைக்குப் போகிறது. கேரளத்துக்குக் கொடுத்தே தீர வேண்டிய தண்ணீரும் போகிற போக்கில் தமிழகத்துக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறது. அங்கே போய்க் கேரளத்துக்கும் மின்சாரம் ஆகிறது. இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாத வழி. இந்த வாசலை யோசித்தவரின் மூளைக்கு நான் தலை வணங்குகிறேன்.

பரம்பிக்குளத்தின் முழு மட்டம் 1,825 அடி. 1967-ல் முடிந்த இந்த அணைதான் அமைப்பின் பெரிய பத்தாயம். கொள்ளளவு 17.82 டி.எம்.சி.; ஆனால் அதில் எடுத்துப் பயன்படுத்தத்தக்கது 13.4 டி.எம்.சி. அளவுதான். மீதி, கிழக்கே போகும் சுரங்கப்பாதையின் வாய்க்குக் கீழே தங்கிவிடும். இங்கேயும் உயரம்தான் அளவுகோல். சுரங்கத்தின் வாயை இன்னும் கீழே வைத்திருந்தால் அணையில் அதிகம் எடுக்கலாம். ஆனால் அடுத்த படிக்கு உயரம் போதாமல் போகும். அடுத்த படி தூணக்கடவு, 1,770 அடி. பக்கத்துப் பெருவாரிப்பள்ளமும் அதே மட்டம். இரண்டையும் ஒரு வெட்டுக்கால்வாய் இணைக்கிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், இந்த அணைகளுக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழகத்தின் பக்கமாகத்தான் போக வேண்டும். எல்லைக்கோடு எப்படி வரையப்பட்டிருந்தாலும், காட்டுக்குள் நடைமுறை இப்படி இருக்கிறது.

தூணக்கடவிலிருந்து சுரங்கமும் இரும்புக் குழாய்களும் தண்ணீரைச் சர்க்கார்பதிக்கு இறக்குகின்றன. 1966-ல் ஓடத் தொடங்கிய 30 மெகாவாட் நிலையம் அது. இங்கேதான் முதலில் சொன்ன 287 அடியின் இடம்.

சர்க்கார்பதியில் விழுந்த தண்ணீரை அப்படியே மலையடிவாரத்துக்கு, ஆழியாறு அணையின் மட்டம் வரை இறக்கி இன்னொரு மின்நிலையம் வைத்திருக்கலாம். நினைத்தால் ஆசை வரும் அளவுக்கு மின்சாரம் அது. இங்கிருந்து திருமூர்த்திக்குப் போகும் காண்டூர் கால்வாயின் வடிவமைப்பு அளவான விநாடிக்கு 1,150 கன அடித் தண்ணீர் 287 அடி விழுந்தால், இயந்திர இழப்பைக் கழித்தபின் சுமார் 23 மெகாவாட் கிடைக்கும் என்று வருகிறது நான் போட்டுப் பார்த்த கணக்கு. சர்க்கார்பதிக்கு ஏறக்குறைய நிகரான இன்னொரு நிலையம். ஆனால் உடுமலைப்பேட்டை நகரமே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 அடியில் இருக்கிறது. 1,050 அடிக்கு இறங்கிய தண்ணீர் உடுமலைக்கு ஒருநாளும் தானாகப் போகாது. பம்பு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பழைய உயரத்துக்கே திரும்ப ஏற்றுவதானால், இறக்கும்போது எடுத்த மின்சாரத்தை விட அதிகம் செலவாகும். உடுமலையைத் தாண்டி பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் போக, வழியெல்லாம் சரிவு வேண்டும். அதனால் பொறியாளர்கள் அந்த 23 மெகாவாட்டைத் தொடாமல் விட்டார்கள். சர்க்கார்பதி வரை மின்சாரத்துக்கு; அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் உயரம் முழுக்க வயலுக்கு. இந்த ஒரு முடிவில்தான் பி.ஏ.பி. ஒரு பாசனத் திட்டமாகப் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். மின்சாரம் அதன் உடன்பிறப்பு, தலைப்பிள்ளை வயல்தான்.

காப்பாற்றிய உயரத்தைக் கீழே விடாமல் திருமூர்த்தி மலை வரை கொண்டுபோனது காண்டூர் கால்வாய். சுமார் 49 கிலோமீட்டர். மலைச்சரிவின் மடிப்புகளை ஒட்டி, ஒரே மட்டத்தில் இருப்பது போலத் தோன்றும்படி மெல்ல மெல்லச் சரிந்து போகும் கால்வாய். பாறையை வெட்டி, இடையிடையே மலையைக் குடைந்து, குறுக்கே வரும் ஓடைகளைத் தாண்டி அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு இடத்தில் தேவைக்கு மேல் சரிந்துவிட்டால் அந்த உயரம் திரும்ப வராது. சரிவு குறைந்தால் தண்ணீர் தேங்கி வண்டல் படியும். 1960-களின் கருவிகளோடு, யானை நடமாடும் காட்டுக்குள் இந்த மட்டத்தைப் பிடித்தவர்களின் வேலை, எந்த அணையை விடவும் பெரியது. ஆனால் அணையில் பூங்கா வைக்கிறோம், அமைச்சர் படம் எடுத்துக்கொள்கிறார். காண்டூர் கால்வாயைப் பார்க்க யாரும் போவதில்லை.

அதன் பலவீனமும் அதே உழைப்பில்தான் இருக்கிறது. மலைச்சரிவில் போகும் கால்வாய்க்கு மேலே மண் சரியும், பாறை உருளும், மரம் விழும், கீழே கசியும். பல ஆண்டுகள் பராமரிப்பு தளர்ந்து, சர்க்கார்பதியில் விட்டது திருமூர்த்திக்கு வந்து சேர்வதற்குள் பெரிய அளவு வழியிலேயே காணாமல் போனது. பிறகு கான்கிரீட் பூசிப் புதுப்பித்தார்கள். திருமூர்த்தி அணையின் கொள்ளளவு இரண்டு டி.எம்.சி.க்கும் குறைவு. அது தண்ணீரைச் சேமிக்கும் இடமாக இல்லாமல் பங்கிடும் தொட்டியாகவே இருக்கிறது. பாசனக் காலம் முழுக்கக் காண்டூர் கால்வாய் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பிரதான கால்வாயில் தண்ணீர் போகும். கால்வாய் ஒரு வாரம் உடைந்து நின்றால் காங்கேயத்தில் பயிர் வாடும்.

நீர்வளத்துறையும் மின்வாரியமும் ஒரே தண்ணீரில் வேலை செய்கின்றன. மின்வாரியத்துக்கு மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் வேண்டும், விளக்கெரியும் நேரத்துக்கு. வயலுக்கு மணிக்கணக்கு கிடையாது. ஆனால் பருவக்கணக்கு உண்டு. மேலே சோலையாற்றில் மின்வாரியத்தின் சொல் செல்லும், ஏனென்றால் அங்கே இறங்கும் தண்ணீரைப் பரம்பிக்குளம் வாங்கி வைத்துக்கொள்ளும். எந்த மணிக்கு விழுந்தாலும் வயலுக்குக் கவலையில்லை. கீழே சர்க்கார்பதியில் நிலைமை தலைகீழ். கால்வாய்க்குத் தண்ணீர் தேவைப்படும்போது நிலையம் ஓடும், தேவையில்லாதபோது நிற்கும். நடுவில் பரம்பிக்குளம் என்ற பெரிய நீர்த்தேக்கம் இருப்பதால்தான் இரண்டு துறைகளும் மோதிக்கொள்ளாமல் ஓடுகின்றன. ஒரு நதி அமைப்பில் பெரிய தேக்கத்தை எந்தப் படியில் வைப்பது என்பது எவ்வளவு முக்கியம் என்று இங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தின் எண்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய சண்டைகள் எல்லாம் அவற்றின் மேல்தான். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 30.5 டி.எம்.சி.: பரம்பிக்குளத்தில் 14, நீராற்றில் 9, தூணக்கடவு–பெருவாரிப்பள்ளத்தில் 2.5, ஆழியாற்றில் 2.5, ஆனைமலையாற்றில் 2.5. கேரளத்துக்கு 19.55: சோலையாற்றில் 12.3, ஆழியாறு கேரளத்துக்குள் நுழையும் மணக்கடவில் 7.25. கணக்காண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். கேரளத்தின் சோலையாறு அணை செப்டம்பர் 1-லும் பிப்ரவரி 1-லும் நிறைந்திருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. பிப்ரவரியில் நிறைத்துக் கொடுத்தால்தான் கேரளம் கோடையில் மின்சாரம் எடுக்க முடியும். அந்தத் தேதியை அவர்கள் கேட்டு வாங்கியதில் நியாயம் இருக்கிறது.

மணக்கடவு 7.25-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆழியாறு இயல்பாகக் கேரளத்துக்குப் போகும் ஆறு. சித்தூர் வட்டத்து நெல்வயல்கள் அதை நம்பியே இருந்தன. அணை கட்டியபின் அந்த வயல்களுக்கு ஆறு என்பது தமிழக அதிகாரி மதகைத் திறக்கும் அளவாக மாறிவிட்டது. மாதத்தின் முதல் பாதிக்கு இவ்வளவு, இரண்டாம் பாதிக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டு, இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். கோடையில் ஆழியாறு அணை இறங்கும்போது, கேரளத்துக்குத் திறக்காதே என்று பொள்ளாச்சியில் குரல் எழும். திறக்கவில்லையே என்று சித்தூரில் மறியல் நடக்கும். பொள்ளாச்சி விவசாயியின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சித்தூர்க்காரர் கேட்பது தன் ஆற்றின் பழைய உரிமையை. ஆழியாற்றின் தண்ணீருக்கு அவர்தான் மூத்த வாரிசு என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கு எதிலும் பெயர் வராதவர்கள் காடர்களும் மலசர்களும் மலைமலசர்களும் முதுவர்களும். பரம்பிக்குளம் பள்ளத்தாக்கு அவர்களுக்கு வீடு. நீர்த்தேக்கம் விரிந்தபோது அவர்களின் குடியிருப்புகள் இடம் மாறின; பிறகு காடு சரணாலயம் ஆனது, புலிகள் காப்பகம் ஆனது. ஒவ்வொரு முறையும் விதி எழுதியவர்கள் வேறு யாரோ. அணை கட்டக் காட்டு வழி காட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் அவர்கள். 30.5-ம் 19.55-ம் சேர்ந்த 50.05 டி.எம்.சி.யில் அவர்களுக்கென்று ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு மாநிலங்களுக்கும் இதில் சம பங்கு உண்டு.

ஒப்பந்தம் முடிந்த கையோடு மேல் ஆழியாறும் அதன் தண்ணீரில் ஓடும் நவமலையின் 60 மெகாவாட் நிலையமும் வந்தன. அதன்பின் 1987-க்கும் 1989-க்கும் இடையில் காடம்பாறை. அதுவரை மலையில் ஓடிய தண்ணீருக்கு இறங்க மட்டுமே தெரியும். காடம்பாறையில் அது ஏறவும் செய்தது. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம், நடுவில் மலையின் வயிற்றுக்குள் குடைந்த நிலத்தடி மின்நிலையம். நூறு மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். மின்சாரத் தேவை குறைந்த நள்ளிரவில் அதே இயந்திரங்கள் பம்புகளாக மாறித் தண்ணீரைச் சுமார் 380 மீட்டர் மேலே தள்ளும். தேவை கூடும்போது அதே தண்ணீர் இறங்கி மின்சாரம் தரும். ஏற்றச் செலவழிப்பதை விடத் திரும்பக் கிடைப்பது குறைவுதான். ஆனால் வேண்டாத நேரத்து மின்சாரம் வேண்டிய நேரத்துக்கு இடம் மாறுகிறது. பாசனத் தண்ணீரில் ஒரு சொட்டும் குறைவதில்லை. இதற்கு இன்று புதிய அர்த்தம் வந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலை, பல்லடம் பக்கத்து வயல்களில், பி.ஏ.பி. கால்வாயை ஒட்டியே காற்றாலைகள் எழுந்து நிற்கின்றன. காற்றும் வெயிலும் கேட்ட நேரத்தில் வருவதில்லை. அவற்றின் மின்சாரத்தைப் பிடித்து வைக்க மலைமேல் ஒரு குளம் வேண்டும். கணவாய்க் காற்றின் மின்சாரத்தைத் தாங்கும் குளத்தை, காற்றாலைகள் பெருகுவதற்கு முன்பே ஆனைமலை கட்டி முடித்துவிட்டது.

கீழே சமவெளியில் வேறொரு கணக்கு வளர்ந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஏக்கருக்குப் போட்ட திட்டம். தண்ணீரைக் கண்ட ஊருக்குப் பக்கத்து ஊர், எங்களுக்கும் என்று கேட்டது. கேட்டது நியாயம், கொடுத்தது அரசியல். இன்று திருமூர்த்தியின் பாசனம் மட்டும் 3.77 லட்சம் ஏக்கர். தண்ணீரோ அன்று கணக்கிட்ட அதே தண்ணீர். ஆகவே நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 94 ஆயிரம் ஏக்கர். ஆண்டுக்கு இரண்டு மண்டலம், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு மண்டலத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அடுத்த முறை இரண்டு ஆண்டு கழித்துத்தான். அந்த ஒரு முறையிலும் நான்கு சுற்றா ஐந்து சுற்றா என்பதை அந்த ஆண்டின் மழையும் அணையின் மட்டமும் முடிவு செய்யும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தண்ணீரை வைத்து எந்தப் பயிர் செய்வது? மக்காச்சோளம் போன்ற குறுகிய காலப் பயிர் ஒரு வழி. பொள்ளாச்சியும் உடுமலையும் பெரும்பாலும் தென்னைக்குப் போய்விட்டன. தென்னை இரண்டு ஆண்டு காத்திருக்காது. இடைப்பட்ட காலத்தில் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் உறிஞ்சும். உண்மையில் பி.ஏ.பி. கால்வாய் வயலுக்குக் கொடுப்பதைப் போலவே கிணற்றுக்கும் கொடுக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சுற்றுப்புறக் கிணறுகள் ஊறும். பல விவசாயிகள் மண்டலம் திறப்பதை எதிர்பார்ப்பது மடையில் வரும் தண்ணீருக்காக மட்டுமல்ல, கிணற்று மட்டத்துக்காகவும்தான். ஆனால் கடைமடை கடைமடைதான். வெள்ளகோவில் கிளைக்கால்வாயின் கடைசியில் இருப்பவர்களுக்கு வழியில் எத்தனை குழாய் போட்டு உறிஞ்சினார்கள் என்பது தெரியும். தண்ணீர்த் திருட்டைத் தடுங்கள் என்ற அவர்களின் மனுவும் உண்ணாவிரதமும் இப்போது மண்டலத் திறப்பின் பகுதியாகவே ஆகிவிட்டன. உயரத்தை அடி அடியாகக் காப்பாற்றி, 49 கிலோமீட்டர் மலைச்சரிவில் ஏந்திக் கொண்டுவந்த தண்ணீர், சமவெளியில் ஒரு திருட்டுக் குழாயில் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

2022 செப்டம்பர் 21-ம் தேதி அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடு மதகின் சங்கிலி அறுந்து, மதகே பெயர்ந்து போனது. சேர்ந்திருந்த தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம், அதாவது இயற்கை வகுத்த பழைய வழியிலேயே ஓடியது. கேரளத்தில் ஆற்றங்கரை மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. தமிழகத்தில் விவசாயிகள் வாயடைத்து நின்றார்கள். அறுபது ஆண்டு வயதான அமைப்புக்கு எங்கே எந்தச் சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று இரண்டு மாநிலங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கட்டுவதற்குக் காட்டிய அக்கறையில் பாதியைப் பராமரிப்புக்குக் காட்டினாலே போதும்.

ஒப்பந்தத்தை முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 1958-க்காரர்கள் எழுதியே வைத்தார்கள். முதல் தவணை 1988. அதைத் தாண்டி இன்னொரு முப்பது ஆண்டும் போய்விட்டது. வாரியக் கூட்டங்கள் நடக்கின்றன, அதிகாரிகள் எண்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள், மறுஆய்வு முடிந்தபாடில்லை. கேரளம் இடைமலையாறு அணையைக் கட்டி முடித்தபின் ஆனைமலையாற்றுத் தண்ணீரைத் தமிழகம் திருப்பிக்கொள்ளலாம் என்பது அன்றைய ஏற்பாடு. இடைமலையாறு அணை 1985-லேயே நின்றுவிட்டது. அந்தத் திட்டம் முழுமை பெறவில்லை என்று கேரளம் சொல்கிறது. முடிந்துவிட்டது என்று தமிழகம் சொல்கிறது. நீராற்றிலிருந்து நேராக நல்லாற்றுக்கு ஒரு சுரங்கம் குடைந்து, சோலையாறு, பரம்பிக்குளம் என்று சுற்றாமல் திருமூர்த்தி பக்கம் இறக்கலாம் என்ற நல்லாறு திட்டமும் பல தேர்தல்களாக வாக்குறுதியாகவே இருக்கிறது. தமிழகத்தின் பங்கான 30.5 டி.எம்.சி.யில் ஆனைமலையாற்றின் 2.5 இன்றுவரை ஒரு வயலையும் வந்து சேரவில்லை.